கிட்டாருக்குக் கொடுத்த அளவு

பிள்ளைக்கு முதல் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் பிள்ளையின் கையைப் பார்க்க வேண்டும். ஒன்பது வயதில் ஒரு பொய் சொல்லி இதை நான் தெரிந்துகொண்டேன்.

இப்போது அது நினைவுக்கு வரக் காரணம் என் மகன். ஐந்தருவியிலிருந்து திரும்பும்போது சாரலில் நனைந்து கிடந்த வளைவில் ஸ்கூட்டர் சறுக்கியது. ஓட்டியது நான். எனக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து வந்த கை மெலிந்து, வேறு யாரோ சின்னப் பையனுடைய கை போல இருந்தது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். அமுக்கிப் பழகக் கொடுத்த ரப்பர் பந்தை இவன் ஜன்னல் வழியாக வீசிவிட்டான். "கிட்டார் வாங்கித் தா, விரல அசைக்கேன்" என்றான்.

அன்றிலிருந்து ஃபோனில் கிட்டார்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு அங்குலம், முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. நைலான் கம்பி, எஃகுக் கம்பி. கற்றுக்கொள்பவர்களுக்கு ஏற்றது என்று எல்லாவற்றின் கீழும் எழுதியிருக்கிறார்கள். சறுக்கியதிலிருந்து வண்டிச் சாவியையே தொடாத எனக்கு எதையும் தேர்ந்தெடுக்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை மேசையில் வைத்து, "கைய நல்லா விரிச்சு வை" என்றேன். பென்சில் அவன் சுண்டுவிரலைச் சுற்றி வந்தபோது எனக்குப் பழைய தாள் ஒன்று ஞாபகம் வந்தது.

வாப்பா அப்போது வளைகுடாவில் தையல்காரராக இருந்தார். தென்காசியில் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தகப்பன்மார் அங்கேதான். பிள்ளைக்குச் செருப்பு வேண்டுமென்றால் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து கடிதத்தோடு அனுப்புவார்கள். எங்கள் தெருவிலிருந்து எத்தனையோ பாதங்கள் அப்படிக் கடல் தாண்டிப் போயிருக்கின்றன. எங்கள் வீட்டில் பாதத்தோடு முடியாது. தோள், இடுப்பு, கை நீளம் எல்லாவற்றையும் உம்மா நாடா பிடித்து அளந்து எழுத வேண்டும். வாப்பா தைத்து அனுப்பும் பாவாடைகளில் மடிப்புக்குள் மடிப்பாகத் துணி விட்டிருக்கும். 'பிள்ளை வளரும் அல்லவா' என்று கடிதத்தில் ஒரு வரி இருக்கும். நான் வளர வளர உம்மா ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவாள்; அதனால் அப்போது புது அளவு எழுதி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் ஊருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மாடி வேலை முடியட்டும், அடுத்த வருஷம் வருகிறேன் என்று எழுதுவார். உண்மையைச் சொன்னால், அந்த வயதில் எனக்கு வாப்பாவின் முகத்தைவிட அவருடைய தையல்தான் நன்றாகத் தெரியும்.

அந்த வருஷச் சீசனில் குற்றாலத்துக்குப் போயிருந்தோம். பேரருவியில் தண்ணீர் கூடிவிட்டதென்று யாரையும் குளிக்க விடவில்லை. மழைக்கு ஒரு லாட்ஜ் ஓரம் ஒதுங்கினோம். வராந்தாவில் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர், எண்ணெய் தேய்த்த உடம்போடு, குளிக்க வழியில்லாமல் மினுமினுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் தேய்க்காத ஒருவன் மட்டும் கிட்டார் வைத்திருந்தான். மற்றவர்கள் கையை நீட்டும்போதெல்லாம், "ஏலே, எண்ணெக் கையோட தொடாத" என்று கத்தினான். என் கையில் எண்ணெய் இல்லை என்று பார்த்துவிட்டு ஒரு கம்பியை இழுக்கச் சொன்னான். இழுத்தேன். மரத்திலிருந்து வந்த சத்தம் என் நெஞ்செலும்பில் வந்து நின்றது. அதன் பிறகு அருவியில் குளிக்க விட்டார்களா, குளித்தோமா, எதுவும் நினைவில்லை.

மாதம் ஒரு காசெட்டில் நாங்கள் பேசிப் பதிவு செய்து வாப்பாவுக்கு அனுப்புவோம். அந்த மாதம் என் முறை வந்தபோது, "வாப்பா, எனக்கு ஒரு கிட்டார் வேணும். பொம்மை இல்ல, நெசமானது" என்றேன். "அது எதுக்குட்டி நமக்கு? வேற ஏதாச்சும் கேளு" என்று பின்னாலிருந்து உம்மா சொன்னதும் அதிலேயே பதிவாகிவிட்டது. வாப்பா சரி என்றும் எழுதவில்லை, கூடாது என்றும் எழுதவில்லை. தையல்காரர் கேட்பதைத்தான் கேட்டார். கிட்டாரில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று உண்டாம்; பிள்ளையின் இடது கையை விரித்து வரைந்து அனுப்பவும்.

இந்த இடத்தில்தான் என் பெரியவாப்பா மகன் உள்ளே வருகிறான். எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்போம். காக்காவுக்குப் பதினைந்து வயது, பக்கத்து வீடு, சாப்பாடு எங்கள் வீட்டில்.

"உன் கைய வரைஞ்சு அனுப்புனா வெளையாட்டுச் சாமான்தாம்ட்டி வரும். லாட்ஜுல பாத்தேன்னு சொன்னியே, அந்த மாரி வேணும்னா கை பெரிசா இருக்கணும்" என்றான்.

"எனக்கு இவ்வளவுதான இருக்கு?"

"எங் கை எதுக்கு இருக்கு?"

வந்த பிறகு அதை யார் வாசிப்பதாக இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. அவன் தாளில் கையை வைத்தான், நான் வரைந்தேன். பெண்பிள்ளை கையாகத் தெரிய வேண்டுமே என்று உள்ளங்கையில் ஒரு மருதாணி வட்டமும் போட்டேன். அந்தப் பொய்யில் என் சொந்தப் பங்கு அது. உம்மா எழுதி முடித்த கடிதத்துக்குள் நானே மடித்து வைத்து ஒட்டினேன்.

அதற்குப் பதில் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, இன்னொரு மாதமும் போயிற்று. உம்மா தினமும் தபால்காரரை வாசலில் நின்று பார்க்க ஆரம்பித்தாள். பொய் கண்டுபிடிக்கப்பட்டதால் வாப்பா எங்கள் எல்லோரோடும் பேச்சை நிறுத்திவிட்டார் என்று நான் பயந்தேன். அப்படியிருக்க, ஒரு நாள் காலையில் திருவனந்தபுரத்திலிருந்து வந்த வாடகைக் கார் எங்கள் வாசலில் நின்றது. வாப்பா இறங்கினார்.

"அடுத்த வருசம்னுல்லா எழுதியிருந்தீய?" என்றாள் உம்மா.

"லீவு கெடச்சுது. வந்துட்டேன்."

காரின் மேல் நீளமாக ஒரு கறுப்புப் பெட்டி கட்டியிருந்தது. மூன்று வருஷம் கழித்து வந்த தகப்பனை விட்டுவிட்டு நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பாவும் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக யாரையோ தேடினார். எனக்குப் பின்னால் எதிர்வீட்டு அக்கா நின்றிருந்தாள். எட்டாம் வகுப்போ ஒன்பதோ படித்தாள். வாப்பா அவளைப் பார்த்துச் சிரித்து ஓரடி எடுத்து வைத்துவிட்டார். உம்மா என்னை முன்னால் தள்ளி, "பிள்ள இங்கன நிக்கா" என்றாள். பெற்ற மகளின் முகமே வாப்பாவுக்கு மறந்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன்.

பெட்டியைத் திறந்தோம். அவ்வளவு பெரிய கிட்டாரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் அதிகம் பார்த்ததில்லை. என் பொய்க்கு மேல் வாப்பா வழக்கம்போல வளர்த்திக்கும் இடம் விட்டு, கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கியிருந்தார். மடியில் வைத்ததும் என் கண்கள் மட்டும் மேலே தெரிந்தன. வலது கை அதன் முதுகைத் தாண்டவில்லை. இடது கை கழுத்தின் பாதியோடு நின்றது.

"கிட்டாருல்லா பிள்ளைய மடியில வச்சிருக்கு!" என்றாள் காக்காவின் உம்மா, எங்கள் பெரியும்மா. வீடே சிரித்தது. காக்கா பெருந்தன்மையாக, தான் பழகிவிட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் மாலை அவனே திருப்பிக் கொண்டுவந்தான். எஃகுக் கம்பி அவனுடைய நாலு விரல்களிலும் கோடு போட்டிருந்தது.

வாப்பா கிட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். நான் அனுப்பிய கைதான். பிரித்துப் பிரித்து மடித்ததில் மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. தரையில் விரித்து வைத்து, "இதுல கைய வை" என்றார்.

நான் காக்காவைப் பார்த்தேன். "மோட்டார் போட்டுட்டு வந்துருதேன்" என்று அவன் எழுந்து போய்விட்டான். வேறு வழியில்லாமல் கையை வைத்தேன். வரைந்திருந்த விரல்களின் நடுக்கணுவோடு என் விரல்கள் முடிந்துவிட்டன. மருதாணி வட்டம் என் உள்ளங்கையையே விழுங்கிவிட்டது.

அடி விழும் என்றுதான் நினைத்தேன். வாப்பா குனிந்து என் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"இவ்வளவுதானா! எம் பிள்ள கை இவ்வளவுதானா!"

"காக்கா கைய வரைஞ்சேன்" என்று நான் அழுதேன். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. "இங்கன வந்து பாரு, இவ்வளவுதான் இருக்கா! சின்னப் பிள்ளதான் இன்னும்!" என்று உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியும்மா சிரித்ததைப் பொறுத்துக்கொண்ட எனக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கிட்டாரையும் என்னையும் கூட்டிக்கொண்டு கேரளத்துப் புனலூருக்குப் பஸ் ஏறினார். அங்கே தேவாலயப் பாடகர்களுக்கு வாத்தியங்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. எல்லையில் புளியறை சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

"யாரு வாசிக்கா?" என்றார் சோதனைக்கு ஏறியவர்.

"இவதான். ஆனா கை பத்தல சார். மாத்தப் போறோம்."

பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் எட்டி எட்டி என் கையைப் பார்த்தார்கள்.

கடைக்காரர் எங்கள் பெட்டியைத் தடவிப் பார்த்த விதத்திலேயே அவருக்கு லாபம் என்று தெரிந்துவிட்டது. சிவப்பாகப் பளபளக்கும் ஒரு சின்னக் கிட்டாரை எடுத்து, "மோளே, இது நோக்கு. நல்ல கலர்" என்றார். நான் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். வாப்பா இடையில் வாங்கிக்கொண்டார். ஒரு கண்ணை மூடி, அதன் கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். துணியை வெட்டும் முன் கரை நேராக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அப்படி. கழுத்து லேசாக வளைந்திருந்தது. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து நான்காக மடித்துக் கம்பிகளுக்கு அடியில் விட்டார். தாராளமாகப் போய் வந்தது.

"கம்பி இவ்வளவு தூக்கி நின்னா பிள்ள எப்பிடி அமுக்குவா?"

"நீங்க கிட்டார் வாசிக்குமோ?" என்றார் கடைக்காரர்.

"நான் டெய்லர்."

பின்சுவரில் மாட்டியிருந்ததைக் கேட்டார். முதுகில் கீறல் விழுந்த, சாயம் மங்கிய பழைய கிட்டார், நைலான் கம்பிகள். பாட்டுக் குழுவில் ஒரு பையன் வளர்ந்ததும் கொண்டுவந்து கொடுத்ததாம். அதன் கழுத்து நேராக இருந்தது. நாடா இரண்டு மடிப்புக்கு மேல் நுழையவில்லை. என்னை ஸ்டூலில் உட்காரவைத்து மடியில் வைத்தார். வலது கை தானாக அதன் மேல் போய் விழுந்தது. ஒவ்வொரு கம்பியையும் கழுத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அமுக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

"வலிக்கா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் வலிக்கட்டும். சத்தம் வருதா?"

ஓரிடத்தில் கம்பி வண்டு போல இரைந்தது. அதைச் சரிசெய்து தந்தால்தான் ஆயிற்று என்று உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் சரிசெய்தார், சுருதி கூட்டவும் சொல்லிக்கொடுத்து, மாற்றுக் கம்பிகளும் துணிப்பையும் கொடுத்தார்.

எனக்குச் சிவப்பின் மேல் இன்னும் ஒரு கண் இருந்தது. "நான் பெரிசாயிட்டா இது பத்தாதுல்லா வாப்பா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"பெரிசாகும்போது வேற பாப்போம். இப்ப இருக்க கைக்கு இது."

மடிப்பு விடாமல் வாப்பா எனக்கு வாங்கிய முதல் பொருள் அதுதான். மூன்று வருஷம் அதில் வாசித்தேன். அதன் பிறகு வாப்பா லீவைத் தள்ளிப்போட்டதே இல்லை. மாடி மட்டும் வெகுகாலம் பூசப்படாமல் நின்றது.

வாப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். நான் மேசையில் மகனின் கையை வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்து எழுந்து வந்தார். தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவனுடைய மெலிந்த கையைத் தன் கைக்குள் வைத்துப் பார்த்தார்.

"ஃபோன்ல வாங்காத. பிள்ளைய கடைக்குக் கூட்டிட்டுப் போயி அமுக்கச் சொல்லு" என்றார். "மெலிஞ்சிருக்குன்னு பயப்படாத. சதை ஏறிரும்."

இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் கேட்டேன். "அந்தத் தாள்ல எங் கைய வச்சுப் பாத்து ஏன் வாப்பா அப்பிடிச் சிரிச்சீய?"

அவர் அதை மறந்திருக்கவில்லை.

"மூணு வருசத்துல அவ்வளவு பெரிய கையாயிட்டா, பிள்ளைய பாக்காமலே வளத்து முடிச்சுட்டோம்னுல்லா நெனச்சேன். அந்தத் தாள மொதலாளிட்ட காட்டித்தான் லீவு கேட்டேன்."

"ஸ்கூட்டர்லயே கடைக்குப் போவமா உம்மா?" என்றான் மகன். அந்த விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சாவியை எடுத்தேன்.

அந்த ஒன்பது வயதில், புனலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வாப்பா என் இடது கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் விரித்து வைத்துப் பார்ப்பார், மூடுவார், மறுபடி விரிப்பார். சின்னக் கை என்று பஸ்ஸுக்கே காட்டிக் கேலி செய்கிறார் என்று எனக்கு அவமானமாக இருந்தது. புளியறை வரும்வரை நான் கையை உருவிக்கொண்டே இருந்தேன். அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருந்தார்.