பாதிப் படத்தில் எழுந்து போன மைதீன் காக்கா

மைதீன் காக்கா போயிட்டாரு.

காலையில தேங்காய்ப்பட்டணத்துல இருந்து அவரு மக போன் பண்ணினா. விடியக்கால சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தவரு எழும்பல... அவ்வளவுதான் சொன்னா.

இதப் படிக்கிற நிறைய பேருக்கு அவரைத் தெரியாது. கடலுக்குப் போறவரு; காக்கான்னா அவங்க பேச்சுல அண்ணன். எங்க வீட்டுல நாலு பேரு இன்னைக்கு உசுரோட இருக்கோம்னா அவரு வள்ளம்தான் காரணம்.

நாங்க பூதப்பாண்டி பக்கம். அந்த வருசம் மழையில மேல உள்ள குளம் உடைஞ்சு, விடிஞ்சு பாத்தா வீட்டு முத்தத்துல முழங்கால் தண்ணி. பத்து மணிக்கு ஜன்னல் வரைக்கும் ஏறியாச்சு. நானும், என் மாமியாரும், ரெண்டு பிள்ளைகளும் மொட்டை மாடியில. வீட்டுக்காரரு அப்போ துபாய்ல.

மத்தியானம் தென்னந்தோப்புக்குள்ள இருந்து ஒரு இன்ஜின் சத்தம். கடல்ல ஓடுற வள்ளம் எங்க வயலுக்கு மேல வருது! லாரியில ஏத்திக் கொண்டு வந்திருக்காங்க. யாரும் கூப்பிடல. டிவியில பாத்துட்டு அவங்களா கிளம்பி வந்தது.

"எறங்கி வா மக்களே, பயப்படாத, நான் பிடிச்சிருக்கேன்." அதுதான் காக்கா என்கிட்ட பேசின மொத வார்த்தை.

நாங்க ஏறியாச்சு. அத்தை மட்டும் ஏறமாட்டேன்னுட்டாங்க. தொழுவத்துல பசு கெட்டிக் கிடக்கு.

"அத அவுத்து விடாம நான் வரல்ல தம்பி. நீங்க பிள்ளையளக் கொண்டு போங்க."

நான் அழுறேன், கத்துறேன். காக்கா கத்திய எடுத்துக்கிட்டு தண்ணியில குதிச்சாரு. கயித்த அறுத்துவிட்டதும் பசு நீந்திப் போயி கோயில் மேட்டுல ஏறி நின்னுது.

திரும்பி வந்து மூச்சு வாங்கிட்டே கேட்டாரு, "எம்மா, குடிக்க கொஞ்சம் வெள்ளம் உண்டா?"

அவங்க பக்கம் குடிதண்ணிக்கே வெள்ளம்னுதான் பேரு. அத்தை சுத்திப் பாத்துட்டு, "இவ்வளவு கெடக்கது போதாதா தம்பி?"ன்னாங்க. அந்த நேரத்துலயும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துட்டு.

சுத்த சைவம் எங்க அத்தை. வள்ளம் முழுக்க மீன் வாடை. மூக்கப் பொத்திக்கிட்டே வந்தவங்க, கரை ஏறினதும் அவரு கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல...

அதுக்குப் பெறவு அவரு எங்களுக்குச் சொந்தக்காரரு. வானம் இருட்டினா போன் வரும். "மக்களே, குளம் எப்படிக் கிடக்கு?" பெருநாளைக்கு அவரு வீட்டுக்குப் போனா, அத்தைக்குன்னு தனிப் பாத்திரத்துல அவியல் வச்சிருப்பாங்க.

சில வருசம் கழிச்சு வெள்ளத்தப் பத்தி ஒரு சினிமா வந்துது. சாதாரண சனங்க ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்துற கதை. காக்காதான் கூப்பிட்டாரு. "நம்மளப் பத்தி படம் எடுத்திருக்கானுவளாம், போலாமா?"

மார்த்தாண்டத்துல தியேட்டர். காக்கா படமா பாத்தாரு... வள்ளம் ஓட்டுற வேலைல்லா பாத்தாரு! "லேய், இன்ஜினத் தூக்கு! அடியில கம்பிவேலி கிடக்கும்!"னு ஸ்கிரீனப் பாத்து சத்தம் போடுறாரு. முன் சீட்டுக்காரங்க திரும்பித் திரும்பிப் பாக்காங்க.

"வெள்ளம் இவ்வளவு சுத்தமா இருக்காது, கேட்டியா. செத்த கோழி, கேஸ் சிலிண்டர், பாம்பு... எல்லாம் வரும்."

படத்துல வள்ளங்கள் வரிசையா வந்தப்போ தியேட்டரே எழும்பி நின்னு கை தட்டுச்சு. விசில். பக்கத்துல இருக்க இவரைக் காட்டி எல்லாருகிட்டயும் சொல்லணும் போல இருந்துது எனக்கு. திரும்பிப் பாத்தா... சீட் காலி.

வெளிய பாப்கார்ன் கடை பக்கம் சுவரைப் பாத்து நின்னாரு.

"என்ன காக்கா?"

"அன்னைக்கு உங்கள ஏத்திட்டு வரும்போ, ஆத்தோரம் ஒரு ஓட்டு வீட்டு மேல ஒரு மனுசன் இருந்தான். சிவப்புத் துண்ட வீசிக் காட்டினான். வள்ளத்துல இடம் இல்ல. உங்கள எறக்கிட்டுத் திரும்பிப் போனேன்... வீடே இல்ல மக்களே."

"யாருகிட்டயும் கேக்கல்லியா?"

"கேட்டா பேரு சொல்லிருவாங்க. பேரு தெரிஞ்சா பெறவு எப்படி உறங்க..."

எனக்கு அந்தப் பசு நினைவு வந்துது. அத அவுக்கப் போன பத்து நிமிசம். அது மிச்சப்பட்டிருந்தா...

அப்புறம்தான் உறைச்சுது. ஆத்தோரம்... ஓட்டு வீடு...

"காக்கா! அது எங்க செல்லப்பன் அண்ணன்லா! வாழை போட்டிருக்கவரு. அவரு இருக்காரு காக்கா! வீடு சாயும்போ பக்கத்துத் தென்னையத் தாவிப் பிடிச்சிட்டாரு. வேற வள்ளக்காரங்க வந்து எறக்கினாங்க."

வள்ளத்துல பிள்ளையளப் பிடிச்சிட்டு குனிஞ்சிருந்த நான் அவரைப் பாக்கல. இத்தனை வருசம்... அவரும் கேக்கல, நாங்களும் சொல்லல.

நான் சமாதானத்துக்குச் சொல்லுறேன்னு நினைச்சிட்டாரு போல. நம்பாமப் பாத்தாரு. அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டு, விசயத்தச் சொல்லி, ஸ்பீக்கர்ல வச்சேன்.

"ஓஹோ, அந்த ஆளா வே நீரு! அன்னைக்கு நான் ஏசின ஏச்சு கொஞ்சமில்ல..." சொல்லிட்டு அண்ணன் சிரிக்காரு. சிரிப்பு பாதியில நின்னுது. "வள்ளத்துல பிள்ளையள் இருந்தத நானும் பாத்தேன் பாய். நீரு செஞ்சதுதான் செரி."

காக்கா என் போனை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. "சாப்ட்டியளா?"ன்னாரு. அதுதான் வந்துது.

அதுக்குள்ள இன்டர்வெல்லும் வந்து முடிஞ்சு பெல் அடிச்சாங்க. "நீங்க போயி மிச்சத்தப் பாருங்க"ன்னு என்ன அனுப்பிட்டாரு.

படம் முடிஞ்சு வந்தப்போ வாசல் படியில உக்காந்து அதே போன்ல பேசிட்டிருந்தாரு, என் போன்ல. மழை, கடல், வாழைக் குலை... அப்படி ஒரு சிரிப்ப நான் அவருகிட்ட அதுக்கு முன்ன பாத்ததில்ல.

அடக்கம் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பெறவு. அவரு ஊருக்குப் போற வழியில இப்போ புதுக்கடை தாண்டிட்டோம். வீட்டுக்காரரு வண்டி ஓட்டுறாரு. முன் சீட்டுல செல்லப்பன் அண்ணன்.

அத்தை இப்பதான் கேக்காங்க, "அவங்க வீட்டுல பொம்பளையள முகம் பாக்க விடுவாங்களா மக்கா?"

தெரியல அத்தை. போயிக் கேப்போம்.

நல்லா உறங்குங்க காக்கா...