பச்சை டிக்

எனக்குக் கோபம் வந்தால் காது சுடும். அன்றைக்குச் சுட்டது இன்னும் ஆறவில்லை.

மாவட்டப் பெண்கள் அணி செஸ் போட்டி, கடைசிச் சுற்று. முதல் போர்டில் நான். எதிரில், திருச்செந்தூர் அணிக்காக அவள். ஆறு வருஷம் என்னோடு ஒரே அணியில் ஆடியவள். கல்யாணமாகிப் போனபின் அந்த ஊர் அணியில் சேர்ந்துகொண்டாள். அதில் எனக்கு வருத்தமில்லை. போகிற இடத்தில்தானே ஆட முடியும்?

"நீங்க தோக்காம இருந்தா போதும்க்கா, கப்பு நமக்குத்தான்" என்று எங்கள் கேப்டன் சொல்லியிருந்தாள். டிராவுக்கு என்னிடம் கைவசம் ஒரு வழி இருந்தது. வாரமெல்லாம் துறைமுகத்தில் ஷிப்பிங் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறுதோறும் அவளும் நானும் என் வீட்டு அடுக்களை மேஜையில் உட்கார்ந்து எழுதிய நோட்டில் உள்ளது அது. ஒருத்தி எழுதுவதை மற்றவள் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சோதித்து, ஓட்டை இல்லையென்றால் பச்சை மையில் டிக் போட வேண்டும். டிக் விழுந்ததை மறுபடி பார்ப்பதில்லை என்பது எங்கள் வழக்கம்.

இந்த வழியை எழுதியது நான். டிக் போட்டது அவள். ஒரு சிப்பாயைக் கொடுத்தால் ராணிகள் வெட்டுப்பட்டு ஆட்டம் சமமாகும். அவளுக்கும் தெரிந்ததுதானே, சண்டையில்லாமல் கைகுலுக்கிவிட்டுப் போவோம் என்று நினைத்தேன்.

சிப்பாயைக் கொடுத்தேன். அவள் ராணியைத் தொடவே இல்லை. குதிரையைப் பின்னால் இழுத்தாள். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நான் முக்கால் மணி நேரம் முழித்தேன். என் யானைக்குப் போக்கிடமே இல்லை. தோற்றேன். அந்த ஒரு ஆட்டத்தில் கப்பு போனது.

வெளியே வேப்பமரத்தடியில் அவளைப் பிடித்தேன்.

"ஏளா, அந்தக் குதிரைய எப்பக் கண்டுபிடிச்ச?"

செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "டிக் போட்ட அன்னைக்கே."

"ஏன் சொல்லல?"

"என்னைக்காவது எதிரெதிர உக்காருவோம்லா."

அந்த டிக் போட்டபோது அவளுக்கு மாப்பிள்ளைகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அவள் பச்சை. எது நிஜம், எது பொய் என்று இனி எப்படிக் கண்டுபிடிப்பேன்?

டிக் விழுந்த பிறகு ஒருமுறை மதுரைப் போட்டியில் இதே வழியை ஆடியிருக்கிறேன். அங்கே எதிராளிக்கு அந்தக் குதிரை தட்டுப்படவில்லை. பக்கத்துப் போர்டில் எங்கள் அணிக்காக உட்கார்ந்திருந்தவள் இவள்தான். டிரா ஆனதும் என் கையைப் பிடித்து, "நம்ம நோட்டு நம்மளக் கைவிடாதுளா" என்றாள்.