மேசையில் நின்ற வேற்றுக்கிரகவாசி

மாம்புரியில் படகு இஞ்சின் திருத்துவது என் தொழில். என் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. மற்ற வீடுகளில் அதற்குள் பீங்கான் கோப்பைகள் இருக்கும். என் வீட்டில் வேற்றுக்கிரகவாசிகள் நிற்கிறார்கள், மேலே ஒரு சின்ன பல்பு வெளிச்சத்தோடு. விண்வெளிப் படங்களை வைத்துச் செய்த பொம்மைகள்தான். ஆனால் வீரன், அரசகுமாரி, பெரிய வில்லன் என்று ஒருவரும் என்னிடம் இல்லை. யாராவது தந்தாலும் வாங்கமாட்டேன். வீரன் சண்டை பிடிக்கும்போது பின்னால் சந்தையில் எதையோ விலை கேட்டுக்கொண்டு நிற்குமே ஒரு மூன்று கண் ஜீவன், அதுதான் எனக்கு வேண்டும்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களில் மதுரங்குளிச் சந்தியில் ஒரு கடை வந்தது. வெளிநாட்டில் பாவித்த சாமான்களைக் கொண்டுவந்து குவித்து விற்பார்கள். ஒரு பழைய மோட்டார் தேடிப் போன நான், கூடைக்குள் கிடந்த தவளை முகத்துக்காரர் ஒருவரைச் சும்மா கையில் எடுத்தேன். மூன்று விரல்கள். மூன்றிலும் நகம் தீட்டியிருந்தார்கள். மேலங்கியைத் தூக்கிப் பார்த்தால் உட்பக்கத்தில் ஒரு பை, அதற்கு ஒரு பொத்தான். வீட்டுக்கு வந்து அவர் வரும் படத்தை நிறுத்தி நிறுத்தித் தேடினேன். அவர் வருவது இரண்டு செக்கன். அதுவும் பாதி முகம். அந்த இரண்டு செக்கனுக்காக எங்கோ ஒருவர் குனிந்திருந்து, யாருமே பார்க்காத நகத்துக்கு நிறம் பூசியிருக்கிறார். எனக்கு மெய்சிலிர்த்துப் போனது. நான் திருத்தும் இஞ்சின்களின் உள்பக்கத்தை அன்றைக்குப் பிறகுதான் ஒழுங்காகத் துடைக்கத் தொடங்கினேன்.

"வீட்டுக்கு வாற சனத்துக்கு இருக்கக் கதிரை இல்ல, இதுகளுக்குக் கண்ணாடி அலுமாரி" என்பாள் மனைவி. சொல்லிவிட்டு, தூசு தட்டுவதும் அவள்தான்.

ஒரு வருடம் செபமாலை மாதம் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மாதம் மாதாவின் சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு வரும். பின்னேரம் அயலவர்கள் கூடிச் செபமாலை சொல்வார்கள். எங்கள் வீட்டு முறை வந்த அன்று, ஊரில் யாருக்கும் முகத்தில் களை இல்லை. மூன்றாவது வீட்டு மாமியின் மகன் தனியாகக் கடலுக்குப் போய் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. தேடிப்போன படகுகள் வெறுமனே வந்துவிட்டன. மாமி கரையிலேயே நின்றார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன கிழமை அவனுடைய இஞ்சினைக் கழற்றிப் பூட்டியவன் நான்தான். எந்த ஆணியைச் சரியாக இறுக்காமல் விட்டேன் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் கழற்றிக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அலுமாரியில் இருந்த பெரியவரை எடுத்தேன். ஒரு சாணுக்கு மேல் உயரம், முக்காடு போட்ட கபில நிற அங்கி, இடக்கையில் அணைத்த ஒரு பொதி. பொதி பிடித்த கை கழன்றிருந்தது. பசை பூசி, காயும்வரை அசையாமல் வைக்க வீட்டில் சமமான இடம் ஒன்றுதான் இருந்தது: மாதாவுக்காக மனைவி வெள்ளைத் துணி விரித்து, பூ வைத்து, மெழுகுதிரி நட்டிருந்த மேசை. மாதா வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறதே என்று அங்கே நிறுத்திவிட்டு, பசையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மேசைக்கு முன் மாமி முழங்காலில் இருந்தார். கரையிலிருந்து நேராக வந்திருக்கிறார். காலில் மணல், கண்ணில் கண்ணாடி இல்லை. மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

"அந்தோனியாரே, காணாமப் போனத எல்லாம் தேடிக் குடுக்கிறவர் நீர். என்ட பிள்ளையையும் தேடித் தாரும். இதே மேசையில பாண் வச்சு ஏழைகளுக்குக் குடுப்பன்."

கபில அங்கி, கையில் அணைத்த ஒன்று. அழுது வீங்கிய கண்ணுக்கு அது குழந்தை யேசுவைத் தாங்கிய அந்தோனியாராகத் தெரிந்ததில் என்ன பிழை? நான் வாயெடுக்கப் போனேன். மனைவி என் கையைப் பிடித்து இறுக்கினாள். "இப்ப ஒண்டும் சொல்லாதீங்க." மாமி எழுந்து, அவருடைய அங்கி விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி கரைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை அவன் வந்தான். மன்னார்ப் பக்கத்துப் படகு ஒன்று கட்டி இழுத்து வந்தது. தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் அறுந்து மிதந்த வலை சுற்றி, கியர் உடைந்திருந்தது. என் ஆணிகள் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெட்கமில்லாமல் எல்லார் முன்னாலும் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமி வந்தார், இரண்டு பை நிறைய, பேக்கரியில் வாங்கிய பாணோடு. கண்ணாடி போட்டிருந்தார். நேர்த்தி என்பது விளையாட்டு இல்லை. சொன்ன இடத்தில் சொன்னவருக்குச் செலுத்த வேண்டும். அதை ஒரு பொம்மைக்குச் செலுத்தவிட என்னால் முடியவில்லை. அலுமாரியைத் திறந்து அவரை எடுத்து மாமியின் கையில் கொடுத்தேன்.

"மாமி, அண்டைக்கு மேசையில நிண்டது இவர்தான். அந்தோனியார் இல்ல. படத்தில வாற ஒரு ஆள். பிழை என்ட."

மாமி முக்காட்டுக்குள் பார்த்தார். நான்கு கண்கள், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு தும்பிக்கை.

"மடையா. அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"உங்கட முகத்தப் பாத்து எப்பிடிச் சொல்றது?"

"கேட்டது அந்தோனியாரிட்ட. அவருக்குக் கேட்டிருக்கும். பாணக் கோயிலுக்குக் கொண்டுபோறன்." ஆனால் எழும்பவில்லை. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆர் தம்பி? படத்தில என்ன செய்வார்?"

"ஒண்டும் செய்யமாட்டார். பேரும் இல்ல. சும்மா பின்னால நிப்பார்."

"காட்டு பாப்பம்."

போட்டுக் காட்டினேன். விண்கப்பல்கள் இறங்கும் ஒரு துறைமுகம். வீரன் ஓடுகிறான், துரத்துகிறார்கள், சனம் சிதறுகிறது. தூண் ஓரமாக நம்மவர், இரண்டு செக்கன்.

"திருப்பிப் போடு."

போட்டேன். மூன்று தரம் பார்த்தார். நான்காம் தரம் படத்தை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னார்.

"இவர் ஆருக்காகவோ நிக்கிறார்."

"இல்ல மாமி. கூட்டத்துக்கு ஆள் காட்ட நிப்பாட்டியிருக்கிறாங்க."

"நீ பேசாம இரு. எல்லாரும் ஓடுறவனப் பாக்கிறாங்க. இவர் கப்பல் இறங்கிற பக்கமே பாத்துக்கொண்டு நிக்கிறார். கையில இருக்கிறதக் கீழ வைக்கேல்ல பார். வச்சா, வாற ஆள் வராமப் போயிருமெண்டு ஒரு பயம். நானும் அப்பிடித்தான் நிண்டன். ரெண்டு நாளும் சோத்துப் பார்சலக் கீழ வைக்கேல்ல."

அந்தப் பொம்மையின் தையல்களை நான் எண்ணியிருக்கிறேன். அங்கியின் நிறம் படத்தில் ஒரு பங்கு மங்கல் என்றுகூட எனக்குத் தெரியும். அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. திரையைப் பார்க்கவே பயமாக இருந்தது; அந்த இரண்டு செக்கன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

"இவர்ட ஆள் வந்து சேர்ந்தாரா?" மாமி கேட்டார்.

"தெரியாது மாமி. படம் அங்கால போயிரும்."

மாமி பொம்மையை மடியிலிருந்து எடுத்துக் கதிரையில் நிறுத்தினார். பாண் பையைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரில் இருந்த அந்தோனியார் படத்துக்கு முன் முழங்காலிட்டு, கதிரையில் நின்றவருக்காக மன்றாடத் தொடங்கினார்.