அவன் கூலியில் என் பிள்ளைகளின் அரிசி

எனக்கு வயது எழுபத்தாறு. நாலு பிள்ளைகளை ஒண்டியாக வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். அவர்கள் அப்பன் எங்களைப் போடியில் விட்டுவிட்டு, மலையில் ஏலக்காய்த் தோட்டத்துச் சோலிக்குப் போய், அங்கே வேறொருத்தியோடு குடியிருந்தான்.

கோர்ட்டுக் கச்சேரியில் பிராது கொடுத்தேன். பிள்ளைகளுக்கு மாசாமாசம் அவன் கூலியில் பிடித்துக் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. கூலியோ, ஆள் கூட்டிப்போய் வேலை வாங்கும் கங்காணி கையில். அவர் எங்கள் ஊர்க்காரர். உத்தரவுக் காகிதத்தைப் பிரிக்காமலே தலைப்பாகையில் செருகிக்கொண்டார்.

"முன்பணம் பிடிச்சதுபோக மிச்சமிருந்தா உனக்குத்தான் ஆத்தா."

மிச்சம் எங்கே இருக்கும்? பழைய முன்பணம் தீருமுன்னே அவன் புதிதாகக் கேட்பான், இவர் கொடுப்பார். கடன்பட்ட ஆள் ஓடிப்போக மாட்டான், அவருக்கும் அது சௌகரியம். மூணு சம்பளநாள் குரங்கணி தாண்டி மலையேறிப் போய் வெறுங்கையோடு இறங்கினேன். கால் வீங்கினதுதான் மிச்சம்.

மூணாம் தடவைதான் கவனித்தேன். சம்பளத்துக்கு முன்னால் ஆளாளுக்கு வாரத்து அரிசி அளந்தார்கள். அதில் யாருக்கும் முன்பணப் பிடித்தம் இல்லை.

கணக்கப்பிள்ளையைக் கேட்டேன். "வயித்துல பிடிச்சா நாளைக்கு எவன் காட்டுக்குள்ள இறங்குவான்?" என்றார்.

"அரிசியும் கூலிதானே?"

"கூலியில சேர்ந்ததுதான்."

அடுத்த வாரம் நாலு பிள்ளைகளையும் கூட்டிப்போய், ஆளுக்கொரு பையோடு அரிசி வரிசையில் அவனுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"மானத்த வாங்காத, வீட்டுக்குப் போ," என்றான்.

"எந்த வீட்டுக்கு?"

வரிசையில் நின்ற பெண்டுகள் சிரித்தார்கள். கங்காணி ஓடிவந்தார். "பிள்ளைகளை எதுக்குத்தா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த?"

"இவுக அப்பன் பேருல அளக்குற அரிசிய இவுக வாங்கிக்கிறாக அண்ணே. அவன் முன்பணத்தத் தின்னுக்கிறட்டும்."

அன்றைக்குத்தான் காகிதம் தலைப்பாகையிலிருந்து இறங்கியது. பாதி அரிசி பிள்ளைகளுக்கு என்று பேசி முடித்தார்கள். அதன்பிறகு போடியிலிருந்து மலையேறின அரிசி, பொதிமாட்டுக்காரர் கையில் வாராவாரம் போடிக்கே திரும்பி வந்தது. போடியிலேயே நேரே கொடுத்திருந்தால் மாட்டுக்காவது அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

நான் அவன் வயிற்றில் அடித்தேன் என்று அவன் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஏ தாயி, நான் சொல்லச்சொல்ல நீ எழுதினதை முதலிலிருந்து வாசி. பாதி அரிசி என்று தெளிவாக இருக்கிறதா பார். அதற்குமேல் ஒரு மணிகூட நான் வாங்கவில்லை.