கல்ஃபான் அடைத்த கிளை

கல்ஃபான் மீது எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. அவனுக்கும் தன் மீது தணியவில்லை.

நான் பிழைக்க வந்து மருந்துக் கடை வைத்திருக்கும் இந்தப் பாலைவன ஊரின் பேரீச்சந்தோப்புகள் அத்தனையும் மலையடியிலிருந்து பூமிக்குள் வரும் ஒரே சுரங்க வாய்க்காலை நம்பியிருப்பவை. பதினெட்டு வருடமாக அதன் பொறுப்பாளன் கல்ஃபான். கயிற்றைப் பிடித்து இறங்கினால், சுவரைத் தடவியே எங்கே மண் சரியும் என்று சொல்லிவிடுவான். அந்தத் திறமைதான் வினையாகிப்போனது.

இரண்டு வருடத்துக்கு முன், கடும் கோடையில், சுரங்கத்தின் பக்கக் கிளை ஒன்று வறண்டு கிடந்து, ஓடுகிற நீரை உறிஞ்சுவதைப் பார்த்தான். ஊர்க்கூடத்தில் காப்பி ஒரு சுற்று வந்து, தண்ணீர்ப் பங்குதாரர்கள் எல்லோரும் பேசிய பிறகுதான் வாய்க்காலில் கை வைக்க வேண்டும். அவன் காத்திருக்கவில்லை. மூன்று மூட்டை சிமெண்டோடு இறங்கிக் கிளையை அடைத்துவிட்டான். அந்த வாரமே தண்ணீர் கூடியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

குளிர்காலத்தில் மழை பெய்தும் தண்ணீர் ஏறவில்லை. அடுத்த குளிர்காலமும் அப்படியே. வாய்க்காலின் கடைசியில், விதவை ஷம்ஸாவுக்குச் சொந்தமான பதினொரு மரங்களின் ஓலைகள் காய்ந்து தொங்கின. அவளுக்கு வேறு வருமானம் கிடையாது.

அப்போதுதான் கல்ஃபான் கூடத்தைக் கூட்டினான். வெயிலில் நட்ட நிழற்கோலின் நிழலை அளந்து தோப்புகளுக்கு நீர்முறை பிரிக்கும் ஹமூத் மெல்ல வாயைத் திறந்தான்.

"கீழ்த்தொட்டி நிரம்ப ரெண்டு மடங்கு நேரம் ஆவுது. மொத வருஷத்துலேர்ந்தே."

"இப்பச் சொல்றியா? வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றான் கல்ஃபான்.

"நிழலப் பாக்குறவன் நிழலப் பாத்தாப் போதும்னு நீதானே சொன்ன?"

ஆண்கள் மட்டும் உட்காரும் அந்தக் கூடத்தை ஒட்டித்தான் பெண்கள் துவைக்கும் படித்துறை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஷம்ஸாவின் குரல் வந்தது.

"மழை விட்டதும் தண்ணி கையக் கடிக்கிற மாதிரி ஜில்லுனு வரும். ரெண்டு வருஷமா அந்தக் குளிர்ச்சி இல்ல. எங்கேயோ ஒரு ஊத்து நின்னுபோச்சு."

"அத ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டான் கல்ஃபான்.

"சொன்னேனே. உன் தம்பிதான், துணியத் துவை, தண்ணிய நாங்க பாத்துக்குறோம்னான்."

கல்ஃபானுக்கு அப்போதுதான் புரிந்தது. குளிர்கால மழையில் வெள்ளத்துக்குப் பயந்து யாரும் சுரங்கத்தில் இறங்குவதில்லை. கோடையில் குடிக்கும் அந்தக் கிளை குளிர்காலத்தில் கொடுக்கும். பதினெட்டு வருடமும் அவன் பார்த்தது கோடையை மட்டும்தான்.

எனக்கும் ஒன்று தெரிந்திருந்தது. என் மருந்துக் கடையில் போடும் தேநீர் ஒரு வருடமாகவே, தண்ணீரில் உப்பேறி, கரித்தது. விசா புதுப்பிக்க வேண்டிய அந்நியன், ஊர்த் தண்ணீரைக் குறை சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். அந்தக் கோபத்தை யார் மீது காட்டுவது?

மறுநாளே சிமெண்டை உடைத்தார்கள். ஹமூத் கயிற்றைப் பிடித்தான், கல்ஃபான் இறங்கினான். மாலைக்குள் தண்ணீர் குளிர்ந்து வந்தது. ஆனால் ஷம்ஸாவின் மரங்களில் ஏழு பட்டுப்போயிருந்தன. குருத்தை இழுத்தால் கையோடு வந்தது.

வெள்ளிக்கிழமை, பெரிய பங்குதாரர்கள் முணுமுணுக்க, கல்ஃபான் பாய்களையும் காப்பிக் கூஜாவையும் படித்துறைப் பக்கம் கொண்டுவந்து வைத்தான்.

"இனிமே கூட்டம் இங்கதான். நீயும் பேசு, ஷம்ஸா."

"ஏழு மரம் போனதுக்கப்புறமா?" என்றாள் அவள், துணியைக் கல்லில் ஓங்கி அடித்தபடி.