இளையவன் கை

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். எங்கள் தோட்டத்தில் இதுதான் முறை. தகப்பன் செத்தால் மூத்த மகன் மொட்டை போட்டுக் கொள்ளிக்குடம் தூக்க வேண்டும். தாய் செத்தால் கடைசி மகன். அப்பாவுக்கு நான் தூக்கினேன். அப்போது தம்பி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். அம்மாவுக்குத் தூக்க வேண்டியவன் அவன்.

அம்மா இதைச் சாதாரணமாகவே பேசுவாள். தம்பி சாப்பிட அடம்பிடித்தால், "தின்னுடா. எனக்குக் கொடம் தூக்கணுமில்ல? தெம்பு வேணாமா?" என்பாள். கோபம் வந்தால், "எனக்கு வாய்க்கரிசி போடத்தான் நீ வந்து பொறந்த" என்று ஏசுவாள். எல்லா வீட்டிலும் ஏசுகிற ஏச்சுதான். நாங்கள் சிரிப்போம்.

அந்த இளையவன் விமானம் ஓட்டப் படித்தான்.

எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். அம்மாவின் தம்பி வெளிநாட்டில் இருக்கிறார். பிள்ளை இல்லாதவர். அவர் படிக்க வைத்தார். தம்பிக்குப் படிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. ஏழாம் ஆண்டோடு நின்று தேயிலைக் கொழுந்து லொறியில் கிளீனராக ஏறினேன். பிறகு அதே லொறிக்கு டிரைவர். இன்றும் அதுதான். புளத்கொகுபிட்டியைச் சுற்றி இருக்கிற மலைப் பாதைகள் எனக்குத் தெரியும். வேறொன்றும் அவ்வளவாகத் தெரியாது.

அவன் கொழும்பில் படிப்பை முடித்து லைசன் எடுத்து வந்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வெடி கொளுத்தினார்கள். கோயிலில் மாலை போட்டார்கள். அந்த மாலையை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். அது காய்ந்தது. வேலை வரவில்லை. அவனைப் போல லைசன் எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் கங்காணி என்னிடம் கேட்பார்.

"என்னப்பா, பைலட் தொரை இன்னும் தரையிலதானா?"

நான் நடையை எட்டிப் போடுவேன்.

அதற்குள் அம்மா படுத்துவிட்டாள். முதலில் வயிற்றுவலி என்றாள். பிறகு சோறு இறங்கவில்லை. கேகாலை ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார். வெட்டி எடுக்க முடியாத இடம். வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே வந்து தம்பியிடம் சொன்னேன். அம்மாவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்று கேட்காததிலேயே தெரிந்தது.

தம்பியோடு படித்த கூட்டாளி ஒருவன் இருந்தான். கேகாலைப் பக்கத்துச் சிங்களப் பையன். அவனுக்கும் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வருவான். இரண்டு பேரும் எங்கள் முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எங்களோடு பழகிப் பழகிப் பாதித் தமிழ் பேசுவான். அம்மாவை அம்மே என்பான்.

ஒரு ஞாயிறு இரண்டு பேருக்கும் ஒரே இடத்திலிருந்து பதில் வந்திருந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு சின்னக் கம்பனி. ரோடு இல்லாத ஊர்களுக்குச் சாமானும் ஆட்களும் ஏற்றிப் போகிற சின்ன விமானங்கள். இரண்டு வருடம் இருக்க வேண்டும். இடையில் லீவு இல்லை. சம்மதம் என்றால் அடுத்த மாதமே போக வேண்டும். இங்கேயும் ஒரு வேலை இருந்தது. விமான நிலையத்தில், ஒப்பீஸில். நாற்காலி வேலை. பறக்கிற வேலை இல்லை.

அம்மா இஸ்தோப்பில் பாயில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க போயி என்னா வேலடா?"

"கோ-பைலட்டும்மா. பக்கத்து சீட்டு."

"பக்கத்து சீட்டுன்னா? யாரு ஓட்டுறது?"

"பெரியவரு ஒருத்தரு இருப்பாரு. அவரு சொல்றப்ப நான் ஓட்டுவேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப கிளீனரு."

கூட்டாளி தொடையில் தட்டிச் சிரித்தான். "ஒவ் அம்மே, கிளீனர்தான். தலைய வெளிய போட்டு ஹரி ஹரி யன்ன, சரி சரி போ, சொல்றது மட்டும் இல்ல."

"இம்புட்டுப் படிச்சிட்டு கிளீனர் வேலைக்கு அம்புட்டுத் தூரமா? அண்ணன் லொறியிலயே ஏறியிருக்கலாமே. சும்மாவே ஏத்தியிருப்பான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"பெரிய கம்பனி எல்லாம் மணித்தியாலம் கேக்குது அம்மே," என்று கூட்டாளி விளக்கினான். "எவ்ளோ மணித்தியாலம் ஓட்டினது? அதான் கேக்குறது. மணித்தியாலம் இல்லாட்டி வேல இல்ல. வேல இல்லாட்டி மணித்தியாலம் எங்க?"

"பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு சொல்ற மாதிரி," என்றாள் அம்மா.

அவனுக்குப் புரியவில்லை. பைத்தியத்துக்குப் பிஸ்ஸு என்று தம்பி சிங்களத்தில் சொன்னான். கூட்டாளி தலையில் கை வைத்தான்.

"அம்மே, எங்களுக்குக் கல்யாணமும் இல்ல. பிஸ்ஸு மட்டும்தான் இருக்கு."

சிரித்து அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. என் வீட்டுக்காரி சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருமல் அடங்கிய பிறகு தம்பி மெதுவாகச் சொன்னான்.

"இப்படியே இருந்தா கை போயிரும்மா. ஓட்டாம இருந்தா லைசனும் படுத்துரும்."

அம்மா அவன் கையைப் பார்த்தாள்.

அன்று போகும்போது கூட்டாளி படியில் நின்று பூட்ஸைக் கட்டிக்கொண்டே சொன்னான். தான் ஒப்பீஸ் வேலைக்கே போவதாக. வீட்டில் அவன் ஒரே பிள்ளை. "எங்க அம்மாவும் தனி மச்சான். நீ யோசி," என்றான். தம்பியின் தோளில் கை வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் தம்பி மடுவத்துக்கு வந்தான். கொழுந்து நிறுத்துக் கொண்டிருந்தார்கள். நான் லொறியில் சாய்ந்து நின்றேன்.

"அண்ணே, நானும் அந்த ஒப்பீஸ் வேலைக்கே போறேன்."

"கை போயிரும்னியே?"

"போனாப் போகட்டும். நான் போயிட்டா அம்மாவுக்குக் கொடம் யாரு தூக்குறது?"

 சாக்குகளை ஏற்றச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவன் இங்கேயே நிற்க வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அம்மாவை நான் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதற்காக இல்லை. அவளுக்கு அந்தக் குடம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் அவன் அம்மாவிடம் சொன்னான். நானும் இருந்தேன். நல்ல காரியம் என்று சொல்வாள் என நினைத்தேன்.

அவள் கூரையைக் கைகாட்டினாள். "அந்தக் கத்திய எடு."

அம்மா ஆயுள் முழுக்கத் தோட்டத்து ரப்பர் மலையில் பால் வெட்டியவள். அவளுடைய கத்தி கூரைச் சட்டத்தில் செருகியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பிடித்துப் பார்த்தாள். பிடி நிற்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ பொறந்து கொஞ்ச மாசம் நான் வேலைக்குப் போகல. திரும்பப் போன அன்னைக்குக் கை ஆழமா எறங்கிருச்சு. பட்டைய தாண்டி மரத்துலயே பட்டுருச்சு. ரோட்டு வளைவுல நிக்குதே, முண்டு முண்டா ஒரு மரம். அதுதான். இன்னைக்கும் அதுல சரியா வெட்ட ஏலாது. கங்காணி ஏசுனான். வாங்கிக்கிட்டேன்."

தம்பி தரையைப் பார்த்தான்.

"என் கை போனதுல மரத்துல முண்டு விழுந்துச்சு. உன் கை போயி நீ பொறகு ஏறுனா? ஆளுல்ல விழும்?"

"அம்மா, நான் பொறகு ஏறவே மாட்டேன். ஒப்பீஸ்லயே..."

"ஏறுவ. எனக்குத் தெரியாதா உன்னைய. நான் போன பொறகு ஏறணும்னு நிப்ப. அப்ப கை இருக்காது. கை இருக்கிறப்பவே போ."

"கொடம்?"

"கொடம் என்னாடா கொடம். மண்ணு. ஒடைக்கிறதுக்குத்தானே தூக்குறது. ஒடைக்கிறதுக்கு எவன் கையும் போதும்."

என்னைப் பார்த்தாள். "உனக்கு ஒடைக்கத் தெரியும்தானே?"

"தெரியும்," என்றேன்.

தம்பி எழுந்து வெளியே பீலிக்குப் போனான். தண்ணீர் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. முகம் கழுவுகிறான் என்று அம்மா சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

அவன் புறப்பட்ட நாளில் என் வீட்டுக்காரி விடியற்காலையிலேயே சோறும் பருப்பும் சமைத்தாள். அம்மா அப்போது கஞ்சி மட்டும்தான் குடிப்பாள். அதிலும் பாதி மிஞ்சும். அன்று தன்னைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்கார வைக்கச் சொன்னாள். தம்பி தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சின்னவனே, எனக்கு ஒரு வாய் ஊட்டு."

அவன் பருப்பு ஊற்றிப் பிசைந்தான். குழைத்துச் சின்னதாக ஒரு உருண்டை பிடித்தான். வாயருகே கொண்டுபோகும்போது அம்மா சொன்னாள்.

"வாய்க்கரிசிய இப்பவே போட்டுட்டுப் போ."

அவன் கை அப்படியே நின்றது.

"அத்த! நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல என்னா பேச்சு இது?" என்றாள் என் வீட்டுக்காரி.

"நீ சும்மா இரு. செத்த பொறகு பச்சரிசிய போட்டு என்னா புண்ணியம்? மெல்லவா போறேன்? சோறாவே போடட்டும். பசியாச்சும் ஆறும். போடுடா."

போட்டான். அவள் மென்றாள். மெதுவாக விழுங்கினாள்.

"உப்புக் கொறைவு," என்றாள் என் வீட்டுக்காரியைப் பார்த்து.

என் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது வாயும் போட்டான். மூன்றாவது இறங்க நேரமாயிற்று. நான் நெஞ்சைத் தடவிவிட்டேன். இறங்கியது.

"போதும்," என்றாள் அம்மா. "மூணு வாய். ஒன் கடமை முடிஞ்சிச்சு. இனி ஆகாசத்துல இருக்கிறப்ப என்னைய நெனச்சுக்கிட்டு இருக்காத. பெரியவரு சொல்றதக் கேளு."

அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள் அவனுடைய வலக்கையைப் பிடித்தாள். விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. தன் சேலையில் துடைத்துவிட்டாள்.

சந்தி வரை லொறியில் கூட்டிப் போனேன். அங்கே அவனுடைய கூட்டாளி வேனோடு நிற்பதாகச் சொல்லியிருந்தான். தம்பி என் பக்கத்து சீட்டில், கிளீனர் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தான்.  முண்டு மரம் நிற்கிற வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தது. நான் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. அவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான்.

"ஹரி, ஹரி. யன்ன," என்றான்.

பஸ் போனது. அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான். நான் கியரைப் போட்டேன்.

அவன் போய்ச் சேர்ந்து போனில் பேசுவான். அம்மா போனில் அவன் முகத்தைப் பார்த்து, "கிளீனரே, சாப்பிட்டியா?" என்று கேட்பாள். பிறகு போனைப் பிடிக்க அவளால் முடியவில்லை. நான் பிடித்தேன். பிறகு பேசவும் முடியவில்லை. அவன் மட்டும் பேசுவான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மழைக் காலத்தில் போனாள். பகலில், என் வீட்டுக்காரி தலை சீவிவிடும்போது. தம்பிக்கு எடுத்தேன். போன் போகவில்லை. ஏதோ காட்டு ஊருக்குச் சாமான் ஏற்றிப் போயிருந்தான். திரும்பி வந்துதான் எடுத்தான். சொன்னேன்.  "வர்றேண்ணே," என்றான். எத்தனை விமானம் மாற வேண்டும், எப்போது வந்து சேருவான் என்று அவனே சொல்லிப் பார்த்தான். நேரத்துக்கு வந்து சேர முடியாது என்று அவனுக்கே தெரிந்தது.

"வராத," என்றேன். "அம்மா சொல்லிட்டுத்தான் போயிருக்கு."

மழை விடவில்லை. மேல் மலையில் மண் சரிகிறது, வைத்திருக்க வேண்டாம் என்றார்கள். மறுநாளே எடுத்தோம். நான் மொட்டை போட்டுக்கொண்டேன். லயத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் முறை பேசினார்கள். தாய்க்கு மூத்தவன் தூக்குவது சரியில்லை என்றார்கள். வேறு வழியும் அவர்களுக்குத் தெரியவில்லை.

வாய்க்கரிசி போடும் நேரம் கோயில் பண்டாரம் தட்டை என் முன்னால் நீட்டினார்.

"மொதல்ல எளையவன் பேரச் சொல்லி நீ போடு. அதுக்கப்புறம் ஒன் பங்கப் போடு."

என் பங்கை எடுத்துப் போட்டேன். கையைத் தட்டிவிட்டேன்.

"எளையவனுக்குப் போடலையேப்பா?"

"அவன் போட்டுட்டான்."

"எப்பப்பா? அவன் ஊர்லயே இல்லையே?"

"போறப்ப."

பண்டாரம் என்னையே பார்த்தார். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். பின்னால் நின்ற என் வீட்டுக்காரிக்கு மட்டும் புரிந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்தவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

குடத்தை என் தோளில் ஏற்றினார்கள். நடந்தேன்.