அடுத்த இதழுக்குள் நகரத்தைக் கூட்டியது யார்?

ரெஜினா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் உன்னிச்சைக் குளக்கட்டில் நின்றிருந்தேன். காணிப் பிணக்கு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வயல் வட்டைக்குள் இறங்கினால் கைபேசி வேலை செய்யாது. குளக்கட்டில் ஏறியதும் மணி அடித்தது. பேசியது அக்காவின் அண்ணன் மகள் ஷரோன். "அங்கிள், மாமி போயிட்டா" என்றாள். அதற்கு நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "உடம்பைக் கண்டியா?" என்று கேட்டேன்.

பிள்ளை அழுதுகொண்டே இணைப்பைத் துண்டித்துவிட்டாள். அவள் என்ன நினைத்திருப்பாள்? சூப்பர் ஹீரோ படக்கதை வாசிக்கிற பைத்தியங்களுக்கு மட்டுமே அந்தக் கேள்வி விளங்கும். எங்கள் உலகத்தில் ஒரு விதி உண்டு. பிணத்தைப் படத்தில் காட்டாவிட்டால் ஆள் சாகவில்லை. மலை இடிந்து மேலே விழட்டும், விண்கலம் வெடித்துச் சிதறட்டும், சில இதழ்கள் கழித்துச் சட்டையில் ஒரு கிழிசலோடு ஆள் திரும்பி வந்துவிடுவார். அந்த விதியை அக்கா வெறுத்ததுபோல் எவரும் வெறுத்திருக்க முடியாது. அவர் போன அன்றே, அவருக்காகவே, நான் அதைப் பிடித்துத் தொங்கினேன்.

உங்களில் பலருக்கு அக்காவை எங்கள் அலுவலகத்தின் காணிப் பகுதியில் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பெண்ணாகத் தெரியும். சிலருக்குக் கோயில் பாடகர் குழுவில் கணீரென்று பாடுகிறவராகத் தெரியும். எனக்கு அவர் சண்டைக்காரி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோப்புக்கு அடியில் ஒரு படக்கதை வைத்திருந்தேன். அக்கா கண்டுவிட்டார். "இதை எழுதினவன் ஆரெண்டு தெரியுமா?" என்றார். படம் கீறியவரின் பெயரைச் சொன்னேன். "கீறினவனை ஆர் கேட்ட? எழுதினவனைக் கேட்டன்." தெரியாது என்றேன். "எழுதினவன்ட பேர் தெரியாம வாசிக்கிறதுக்கு நீ சும்மா படம் பார்க்கலாம் மனே." அன்று தொடங்கிய சண்டை ஓயவேயில்லை.

எழுத்தாளர்கள் எவரும் அவரிடம் லேசில் தப்பியதில்லை. "வில்லனுக்குக் காரணம் குடுக்கிறானுகள், ஹீரோவுக்கு உடுப்பு மட்டும்தான் குடுக்கிறானுகள்" என்பார். எல்லாவற்றையும் விட அவருக்குப் பற்றிக்கொண்டு வருவது வேறொன்று. நாயகனும் எதிரியும் மோதி நகரம் முழுவதும் நொறுங்கிக் கிடக்கும். அடுத்த இதழில் தெருவெல்லாம் பளிச்சென்று இருக்கும். "ஆர் கூட்டினது?" என்று மேசையில் தட்டுவார். "அவ்வளவு கண்ணாடித் துண்டையும் ஆர் அள்ளினது? கூட்டினவள்ட பேர் என்ன? அவளைப் பற்றி எழுத ஒருத்தனுக்கும் வக்கில்ல." அந்தக் கதையை யார் அக்கா வாங்குவார்கள் என்று ஒருமுறை சீண்டினேன். "நான் வாங்குவன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு ஒரேயொரு எழுத்தாளரிடம் மட்டும் மரியாதை இருந்தது. வெளிநாட்டுக் கிழவர் ஒருவர். அவருடைய நாயகனை நாங்கள் 'நீலச்சட்டை' என்று அழைப்போம். நீலச்சட்டைக்குக் கடலைத் தடுத்து நிறுத்தும் சக்தி உண்டு. ஆனால் அவன் வேறோர் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது அவனுடைய தங்கையைக் கடல் கொண்டுபோயிற்று. உடம்பைக் காட்டவில்லை. உலகத்து வாசகர்களெல்லாம் அவள் திரும்பி வருவாள் என்று காத்திருந்தார்கள். கிழவர் அசையவில்லை. வருடக்கணக்காக அவளைச் செத்தவளாகவே வைத்திருந்தார்.

அக்காவின் தங்கை ரோஸியைக் கதிரவெளியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சுனாமி அவளைக் கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவில்லை. "கிடைக்கல்லத்தானே, எங்கயும் இருப்பாள்" என்று துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அக்கா சீறி விழுந்தார். "அவள் செத்திட்டாள். என்னை வாசல் பார்த்துக்கொண்டு இருக்க வைக்காதீங்க" என்றார். வருடா வருடம் ரோஸியின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார். கிழவரை அவர் ஏன் நம்பினார் என்று அதைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

போன வருடம் அக்காவுக்கு நோய் முற்றிவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே நாட்களில் கிழவர் நீலச்சட்டையின் கடைசித் தொகுதியை எழுதி வெளியிட்டிருந்தார். "அதை வாசிச்சிட்டுப் போறன்" என்றார் அக்கா. தபாலை நம்ப முடியாது. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஹனீபா காக்காவின் மருமகன் கட்டாரிலிருந்து வரவிருந்தார். அவரிடம் புத்தகத்தை வாங்கிவரச் சொல்லக் கடைக்கு ஓடினேன். என் அவதியைப் பார்த்து, "மருந்தா தம்பி?" என்று கேட்டார் காக்கா. "ஓம் காக்கா" என்றேன். அதற்குப் பிறகு தினமும் அவருக்குத் தொலைபேசி எடுத்துத் தொந்தரவு செய்தேன். அக்காவிடம் போகும் ஒவ்வொரு மாலையும், இன்றைக்கு மூச்சு இருக்குமா என்று கேற்றடியிலேயே நின்று காது கொடுப்பேன்.

புத்தகம் வந்தது. அக்காவும் இருந்தார். கண்தான் போய்விட்டிருந்தது. "சொல்லன், நான் பார்க்கிறன்" என்றார். கட்டிலருகே இருந்து ஒவ்வொரு படத்தையும் தமிழில் சொன்னேன். இடது பக்கத்தில் கடல், வானம் சாம்பல் நிறம், நீலச்சட்டைக்கு நரைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசிக்கு முந்திய தாளைப் புரட்டியதும் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டினாய்?"

"ஒண்டுமில்ல அக்கா."

"வந்திட்டாளா?"

அவரிடம் பொய் சொல்ல எனக்கு வராது. "ஓம் அக்கா. கரையில நிக்கிறாள்."

கிழவரைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படித் திட்டினால் எனக்கும் தெம்பாக இருந்திருக்கும். அக்கா கேட்டது இதைத்தான். "என்ன உடுப்பு?"

"பச்சைச் சட்டை."

"தலைமயிர் நனைஞ்சிருக்கா?"

"நனைஞ்சுதான் இருக்கு."

"சிரிக்கிறாளா?"

"இல்ல அக்கா. குளிருது போல நிக்கிறாள்."

அக்காவின் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக வழிந்தது. "தோத்திட்டான் மனே, கிழவனும் தோத்திட்டான். இவ்வளவு காலம் பிடிச்சு நிண்டவன்." பிறகு, "அந்தப் பக்கத்தை இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். இன்னொருமுறை கேட்டார். விளக்கு வைக்கும் வரையில் அந்த ஒரு பக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசித் தாளை அவர் கேட்கவில்லை, நானும் புரட்டவில்லை.

நான் எழும்பும்போது என் கையைப் பிடித்தார். "நான் போனாப் பிறகு என்னைப் பற்றி நீதான் எழுதுவாய். எங்களோட வாழுறா, எங்கயும் போகல்ல எண்டெல்லாம் எழுதிப்போடாத. என்னை ஆரும் வாசல் பார்க்க வேணாம்."

அக்கா, நீங்கள் கேட்டபடியே எழுதப் பார்க்கிறேன். ஆனால் எனக்கு ஏலாமல் இருக்கிறது. மலிவான எழுத்தாளன் எவனாவது, பெயர் தெரியாதவனாக இருந்தாலும் பரவாயில்லை, உங்களைச் சட்டையில் ஒரு கிழிசலோடு கொண்டுவந்து என் மேசைக்கு முன்னால் நிறுத்தமாட்டானா என்று கிடந்து தவிக்கிறேன். நீங்கள் திட்டித் தீர்த்த அத்தனை பேரின் காலிலும் விழுவேன். இந்த ஊரில் இனி நான் யாரோடு சண்டை பிடிப்பது?

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் வீட்டு முற்றத்தில் நின்றேன். பந்தலுக்குக் கீழே மிதிபட்ட பூவும் தேநீர்க் கோப்பைகளும் மெழுகுதிரிச் சொட்டுகளுமாகக் கிடந்தன. நாளைக்கு யாராவது வருவார்கள், முற்றம் பளிச்சென்று இருக்கும். வீட்டின் பின்கோடிப் பக்கம் போய் விளக்குமாற்றை எடுத்து வந்தேன். "விடுங்க அங்கிள், நாளைக்குக் கூட்டுவம்" என்றாள் ஷரோன். அந்தத் தொலைபேசிக் கேள்விக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. நான் கூட்டினேன். அவளும் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

அக்காவின் புத்தகங்களை ஷரோன் எனக்குத் தந்திருக்கிறாள். அவற்றைவிட, "ஆர் கூட்டினது?" என்று மேசையில் தட்டி அவர் கேட்ட கேள்விதான் என்னிடம் மிச்சம். பதிலில் எழுத இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கேட்க அவர் இல்லை.

அக்கா வரமாட்டார். உடம்பை நான் கண்டேன்.